வாசல் கான்கிரீட் வெடிச்சிருச்சுன்னா: ஒட்டுப் போடறதா, மேல பூசறதா, டைல்ஸா, பேவரா, உடைச்சுட்டு புதுசா போடறதா?

இந்த தடவ ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு வெயில் வந்ததும் ஒரே மாசத்துல மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியக் கேட்டாங்க. கோத்தகிரி பக்கம் அரவேணுல இருக்கற எங்க சின்னம்மா, எங்க வீட்டுக்கு மேல் வீட்டு அண்ணா, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே வச்சிருக்கற கூடப் படிச்ச ஃப்ரெண்டு. மூணு பேருக்கும் வீட்டு முன்னாடி கான்கிரீட் தளம், வயசு பத்துல இருந்து இருபது வருஷம், அங்கங்க விரிசல், ஓரத்துல பாசி, ஒரு மூலை கொஞ்சம் உக்காந்திருக்கு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒரு மேஸ்திரி மேல ஒரு கோட் பூசினா போதும்ங்கறாரு, இன்னொருத்தர் முழுசா உடைக்கணும்ங்கறாரு, டைல்ஸ் கடைல கேட்டா பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிருங்கங்கறாங்க, யார் பேச்சக் கேக்கறதுன்னே தெரியலன்னு சின்னம்மா போன்ல அழாத குறை.

எங்க வீட்ல இத ரெண்டு தடவ பண்ணியாச்சு, மொத தடவ தப்பா. நீலகிரி மலைல, கோத்தகிரில எங்க வாசல் 20 அடிக்கு 20 அடி. அம்மா ஒரு நாள் காலைல பால் வாங்கப் போறப்ப பாசில வழுக்கி விழுந்து மணிக்கட்டுல எலும்பு விட்டுருச்சு. அந்தப் பதட்டத்துல அடுத்த வாரமே ஆள் கூப்ட்டு தளத்து மேல அரை இன்ச் சிமெண்ட் பூச்சு பூசினோம். ஒரு வருஷம் பளிச்சுன்னு இருந்துச்சு. ரெண்டாவது மழைல அப்பளம் மாதிரி எந்திரிச்சிருச்சு. ஒரு சில்ல கைல எடுத்துத் திருப்பிப் பாத்தேன், அடிப்பக்கம் வழுவழுன்னு இருக்கு, அதுல பச்சையா தூள் ஒட்டியிருக்கு. பழைய பாசி. பாசிய சுரண்டாமலே அதுக்கு மேல பூசியிருக்காங்க, பூச்சு கான்கிரீட்டப் பிடிக்கவே இல்ல, பாசியத்தான் பிடிச்சிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நாலு மேஸ்திரிகிட்ட கேட்டு, படிச்சு, நானே சுத்தியல் எடுத்துத் தட்டிப் பாத்து கத்துக்கிட்டேன்.

அதுல புரிஞ்சது ஒண்ணுதான். மலைல வாசல் தளத்துக்கு வர்ற நோய் முக்காவாசி மேல இல்ல, கீழ மண்ணுலயும் தண்ணி போற வழிலயும் இருக்கு. மேல என்ன போடலாம்ங்கறது கடைசிக் கேள்வி, ஆனா எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேக்கறோம்.

## எத வச்சு முடிவு பண்றது

கீழ இருக்கற மண் அசையுதா. நம்ம ஊர்ல சமமா இடம் ஏது. மேட்டுப் பக்கம் வெட்டி, அந்த மண்ணயே பள்ளத்துப் பக்கம் தள்ளி, தடுப்புச்சுவர் கட்டி உள்ள நிரப்பித்தான் வாசல்னு ஒண்ணு வருது. ஆக பாதி வாசல் கெட்டி மண் மேல நிக்குது, பாதி கொட்டின மண் மேல நிக்குது. கொட்டின மண் வருஷா வருஷம் மழைல கொஞ்சம் கொஞ்சமா உக்காரும், கெட்டி மண் உக்காராது. அந்த ரெண்டும் சேர்ற கோட்டுலதான் விரிசல் நீளமா, தடுப்புச்சுவருக்கு இணையா ஓடும். உங்க வாசல்லயும் பெரிய விரிசல் அப்படி ஓடுதான்னு இப்பவே போய்ப் பாருங்க.

தண்ணி எங்க போகுது. 400 சதுரடி வாசல்ல 10 செ.மீ. மழை பெஞ்சா கிட்டத்தட்ட 3,700 லிட்டர் தண்ணி. 2019 ஆகஸ்ட்ல ஊட்டி பக்கம் அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ. பெஞ்சுதே, அந்த மாதிரி ஒரு நாள் வந்தா அதே வாசல்ல 30 ஆயிரம் லிட்டர். கூரைத் தண்ணி தனி. இது வாட்டமா, அதாவது சரிவுல ஓடி வடிகாலுக்குப் போகணும், விரிசல் வழியா இறங்கி தடுப்புச்சுவருக்குப் பின்னாடி தேங்கக் கூடாது. 2009 நவம்பர் மழைல குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் மண் சரிஞ்சதப் பாத்தவங்களுக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல.

வழுக்குமா. அழகா இருக்கான்னு பாக்கறதுக்கு முன்னாடி, ஈரத்துல வயசானவங்க செருப்போட நடக்க முடியுமான்னு பாருங்க.

வாசப்படி உயரம். மேல என்ன போட்டாலும் தளம் உசரும். வாசப்படிக்கும் தளத்துக்கும் நடுவுல நாலு இன்ச்தான் இருக்குன்னா, மூணு இன்ச் ஏத்தினதும் சாரல் அடிக்கறப்ப தண்ணி வீட்டுக்குள்ள. கேட் தரையில தட்டும், செப்டிக் டேங்க் மூடி குழிக்குள்ள போயிரும்.

எடை. கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. நிரப்பின மண்ணு மேல, தடுப்புச்சுவர் தாங்கற இடத்துல எவ்வளவு கூட்டறோம்னு கணக்குப் பாக்கணும்.

ஏத்துக்கூலி. எம் சாண்டும் ஜல்லியும் மேட்டுப்பாளையம் பக்கம் இருந்து மலை ஏறி வரணும். அதுல பாதிப் பேர் வீட்டுக்கு லாரி வராது, ரோட்ல கொட்டி அங்க இருந்து படில தலைச்சுமை. சமவெளில சதுரடிக்கு இவ்வளவுன்னு யாராவது சொல்ற ரேட்ட நம்பி பட்ஜெட் போடாதீங்க. மூட்டைக் கணக்கு கீழ தர்றேன், உங்க ஊர் ரேட்ல நீங்களே பெருக்கிக்கோங்க.

## ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு நாள் வேலை

இத யாரும் பண்ண மாட்டேங்கறாங்க, ஆனா இதுலதான் பாதி முடிவு இருக்கு. ஒரு சுத்தியல், ஒரு சாக்பீஸ். வாசல் முழுக்க ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடத்துல கல்லத் தட்டற மாதிரி ‘டங்’குனு வரும். பொக்கா, அதாவது கீழ பிடிப்பு விட்டு உள்ள வெத்தா இருந்தா பானையத் தட்டற மாதிரி ‘டொப்’புனு வரும், காதுக்கே தெரியும், ரெண்டு நிமிஷத்துல பழகிரும். பொக்கு இருக்கற இடத்தையெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. முடிச்சுட்டு மாடிலயோ திண்ணைலயோ ஏறி நின்னு பாருங்க. எங்க வாசல்ல அப்படிப் பாத்தப்ப பள்ளத்துப் பக்கம் அஞ்சடி அகலத்துக்கு ஒரே பட்டையா வட்டம் வட்டமா இருந்துச்சு, மேட்டுப் பக்கம் ரெண்டே ரெண்டுதான்.

அப்புறம் பத்து பக்கெட் தண்ணிய வாசப்படிகிட்ட இருந்து ஊத்துங்க. எந்தப் பக்கம் ஓடுது, எங்க தேங்குது, எந்த விரிசல்ல ‘கொளக் கொளக்’குன்னு குடிக்குதுன்னு பாருங்க. பத்தடி நீளத்துக்கு ரெண்டுல இருந்து ரெண்டரை இன்ச் வாட்டம் இருந்தா போதும், வீட்ட விட்டு வெளிய போற மாதிரி இருக்கணும், அவ்ளோதான்.

விரிசலுக்குக் குறுக்க பென்சில்லயோ ஆணிலயோ ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதி வைங்க. ரெண்டு மூணு மாசம், முடிஞ்சா ஒரு மழை தாண்டிப் பாருங்க. கோடு முறிஞ்சு ரெண்டு பக்கமும் விலகியிருந்தா விரிசல் இன்னும் அசையுதுன்னு அர்த்தம். விரிசலோட ஒரு பக்கம் ஒசரம் ஒரு பக்கம் பள்ளமா, விரல் நகம் தட்டற மாதிரி இருந்தா அது மண் உக்காந்த விரிசல். சிலந்தி வலை மாதிரி மேலோட்டமா மெல்லிசாப் பரவியிருந்தா பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் போட்ட அன்னைக்கு தண்ணி ஜாஸ்தி விட்டதாலயோ, மேல வெறும் சிமெண்ட் பவுடர் தூவித் தேய்ச்சதாலயோ, தண்ணி சரியாக் கட்டாததாலயோ வர்றது.

கடைசியா, ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் ஷீட் ஒண்ண காஞ்ச தளத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலைல உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா கீழ இருந்து ஈரம் ஏறுது. அந்தத் தளத்துக்கு எபாக்சி, பெயிண்ட் மாதிரி மூச்சு விடாத எதையும் நினைச்சே பாக்காதீங்க.

## 1. விரிசல மட்டும் அடைச்சு ஒட்டுப் போடறது

தட்டினா பெரும்பாலும் கெட்டியா இருக்கு, வாட்டம் சரியா இருக்கு, நாலஞ்சு விரிசல்தான் பிரச்சினைன்னா இதுக்கு மேல ஒண்ணும் செலவு பண்ணாதீங்க. எடை கூடாது, ஒசரம் கூடாது, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.

ஆனா விரிசல் மேல சிமெண்ட் பால் ஊத்தறது ஒட்டு இல்ல. கிரைண்டர்ல விரிசல வி வடிவமா அரை இன்ச் ஆழத்துக்கு வெட்டி, தூசிய ஊதி, அதுக்கப்புறம்தான் அடைக்கணும். பென்சில் கோடு அசையலன்னா லேடெக்ஸ் (பிடிப்புக்காக சிமெண்ட்ல கலக்கற, பால் மாதிரி இருக்கற திரவம்) கலந்த சிமெண்ட் கலவை போதும். அசையுதுன்னா சிமெண்ட் எதுவுமே நிக்காது, ஏன்னா சிமெண்ட் இழுபடாது, அடுத்த வெயில்ல அதே இடத்துலயோ பக்கத்துலயோ விடும். அதுக்கு பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட்தான், ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கும். விரிசல் அகலமா இருந்தா கீழ ஃபோம் கயிறு வச்சு அதுக்கு மேல சீலண்ட் விடணும், இல்லாட்டி டியூப் டியூபா குடிச்சுக்கிட்டே போகும்.

மறைஞ்ச செலவுன்னா பாக்கறதுக்குத்தான். பழைய தளம் கறுத்திருக்கும், ஒட்டு வெளுப்பா பாம்பு மாதிரி தெரியும். அது மனசுக்குப் பிடிக்கலன்னா இந்த வழி வேண்டாம். கிரைண்டர் ஓட்டறவங்க மாஸ்க் இல்லாம ஓட்ட விடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், சித்தாள் அக்காங்க முந்தானைய மூக்குல கட்டிக்கிட்டு நிப்பாங்க, அது பத்தாது.

## 2. மேல மெல்லிசா பூசறது

எங்க வீட்ல தோத்துப்போனது இதுதான், ஆனாலும் இது கெட்ட வழி இல்ல. பண்ற விதத்துல இருக்கு. கீழ கெட்டியா இருந்து மேல்தோல் மட்டும் அரிச்சு, ஜல்லி தெரிஞ்சு, சிலந்தி வலை விரிசலா இருக்கற தளத்துக்கு இதுதான் சிக்கனம். 400 சதுரடிக்கு 10 மி.மீ. கனத்துக்கு ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூணு பங்கு மணல் கலவைல நாலு மூட்டை சிமெண்ட்தான் ஆகும். கூட அந்த லேடெக்ஸ் (எஸ்பிஆர்னு ஒரு வகை) கேன், அதோட விலைதான் சிமெண்ட்ட விட ஜாஸ்தி வரும். அத மிச்சம் பிடிக்க நினைச்சா மொத்தமும் போச்சு.

உழைப்பு முழுக்க பூசறதுக்கு முன்னாடிதான். பொக்கு எல்லாத்தையும் கொத்தி எடுக்கணும். பாசிய பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி ஊறவிட்டு கம்பி பிரஷ்ல சுரண்டணும், பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைச்சா இன்னும் நல்லது. இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்துல ஆசிட் ஊத்தவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து. ‘ரெண்டையும் போட்டா நல்லாப் போகும்’னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, விடாதீங்க. ஆசிட்டே வேண்டாம்ங்கறது என் கட்சி, கழுவின தண்ணி கீழ தேயிலைக்கும் ஊத்துக்கும்தான் போகுது.

அப்புறம் தளத்த நனைச்சு, தண்ணி தேங்காம ஈரமா மட்டும் வச்சுக்கிட்டு, லேடெக்ஸும் சிமெண்ட்டும் கலந்த பால பிரஷ்ல தேய்க்கணும். அது கைல பிசுபிசுன்னு ஒட்டறப்பவே மேல கலவை விழணும். பால் காஞ்சிருச்சுன்னா ஒட்டறதுக்குப் பதிலா பிரிச்சு விடற படலமா மாறிடும், அதனால ஒரு ஆள் பால் தேய்க்கத் தேய்க்க பின்னாடியே இன்னொருத்தர் பூசிட்டு வரணும். வாசல் முழுக்க மொத்தமா பால் அடிச்சுட்டு டீ குடிக்கப் போறத எங்க வீட்ல என் கண்ணால பாத்தேன், அன்னைக்கு எனக்கு விஷயம் தெரியல. மேல மணியாஸ் கட்டைல தேய்ச்சு வழுவழுப்பாக்காம, நீர் கொஞ்சம் இழுத்ததும் விளக்குமாத்தால வாட்டத்துக்குக் குறுக்க ஒரு இழுப்பு இழுத்து விடுங்க. அந்த சொரசொரப்புதான் வழுக்காம காப்பாத்தும்.

இது எங்க தோக்கும்னா, கீழ அசையற விரிசல் இருந்தா அதே விரிசல் அதே வடிவத்துல புதுப் பூச்சுலயும் வரும். எவ்வளவு விலை உசந்த லேடெக்ஸ் போட்டாலும் சரி.

## 3. மேலயே மூணு இன்ச் கான்கிரீட்

நிறைய பேர் இதத்தான் சொல்வாங்க, ‘உடைக்கவே வேண்டாம், மேல ஒரு தளம் போட்டுக்கலாம்’னு. கேக்க சுலபமா இருக்கும். கணக்குப் பாருங்க: 400 சதுரடிக்கு மூணு இன்ச்னா 100 கன அடி, கிட்டத்தட்ட 6.8 டன். சிமெண்ட் 23 மூட்டை. அந்த ஏழு டன்ல பாதி ஏற்கனவே உக்காந்துக்கிட்டு இருக்கற மண்ணு மேல, தடுப்புச்சுவர் முதுகுல. வீடு முழுக்க கெட்டி மண்ணுல வெட்டின சமதளத்துல நின்னு, வாசப்படி ஏழெட்டு இன்ச் ஒசரமா இருந்து, வாட்டம் மட்டும் தப்பா இருந்தா இது சரியான வழி, ஏன்னா வாட்டத்த முழுசா மாத்தறதுக்கு இது வசதி. நிரப்பின மண்ணா இருந்தா வேண்டாம். இதுல நான் உறுதியா இருக்கேன்.

## 4. டைல்ஸ், கல்

டைல்ஸ் விரிசல மறைக்கும், சரி பண்ணாது. கீழ தளம் அசைஞ்சா டைல்ஸும் வெடிக்கும், இல்ல பொக்கா எந்திரிக்கும். இங்க மலைல இன்னொரு தொல்லை, டைல்ஸுக்குக் கீழ பொக்கு இருந்தா அதுல தண்ணி இறங்கி மாசக்கணக்கா காயாது, கேப்புல வெள்ளையா உப்பு பூக்கும். ஊட்டி, தலைகுந்தா பக்கம் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி கொட்டற எடங்கள்ல அந்தத் தண்ணி உறைஞ்சா நூத்துக்கு ஒம்பது பங்கு விரியும், விரிஞ்சு டைல்ஸ மேல தள்ளும்.

வழுக்கல் விஷயத்துல கடைல ஆன்டி ஸ்கிட்னு எழுதியிருக்கறத மட்டும் நம்பாதீங்க. ஒரு டைல்ஸ வாங்கிட்டு வந்து சோப்புத் தண்ணி ஊத்தி செருப்போட மிதிச்சுப் பாருங்க. வெயில் படாத வாசல்ல, சில்வர் ஓக் நிழல்ல, டைல்ஸ் மேல இருக்கற சின்னச் சின்னப் பள்ளத்துல பாசி நிரம்பிட்டா ஆறே மாசத்துல அதுவும் வழுக்கும். கண்டிப்பா மேல ஏதாச்சும் பதிக்கணும்னா நெருப்புல சுட்டு சொரசொரப்பாக்கின கிரானைட், இல்ல பாலிஷ் போடாத கடப்பா கல் பாருங்க.

டைல்ஸ் எப்ப சரின்னா, கெட்டியான தளம், வெயில் நல்லா அடிக்கற வாசல், மேல கூரையோ ஷீட்டோ இருக்கற சிட்டவுட். அங்க அழகுக்காகப் போடறதுல தப்பே இல்ல.

## 5. பேவர் பிளாக்

பேவரோட பெரிய பலம் மண் உக்காந்தாலும் வெடிக்காது, பள்ளமான எடத்துல கல்லக் கழட்டி, மண் போட்டு நிரவி அதே கல்ல திருப்பிப் பதிச்சிரலாம். குழாய் ரிப்பேர்னாலும் அப்படியே. நடக்க மட்டும்னா 60 மி.மீ., கார் ஏறும்னா 80 மி.மீ. கனம். கீழ நல்லா இறுக்கின ஜல்லி, அதுக்கு மேல ஒரு இன்ச்ல இருந்து ஒன்றரை இன்ச் மணல் படுக்கை.

சமவெளில இது தண்ணிய பூமிக்குள்ள விடுதுன்னு பெருமையா சொல்வாங்க, அங்க அது நல்லதுதான். ஆனா நம்ம வாசலுக்குக் கீழ பத்தடி தடுப்புச்சுவர் இருக்குன்னா, அந்தத் தண்ணி சுவருக்குப் பின்னாடி இருக்கற நிரப்பின மண்ணுக்குள்ளதான் இறங்கும். மண் ஊறி எடை கூடி சுவரத் தள்ளும். சுவர்ல தண்ணி வடியற ஓட்டைகள் இருக்கா, மழைல அதுல தண்ணி நிஜமாவே வடியுதான்னு பாக்காம நிரப்பின மண்ணு மேல பேவர் போடாதீங்க. ஓட்டைல செடி மொளச்சு அடைச்சிருந்தா மொத வேலை அதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

சரிவான வாசல்ல மணல் படுக்கை மழைல அரிச்சுக்கிட்டு கீழ போகும், அதனால ஓரத்துல கான்கிரீட் கட்டை கட்டாயம். காட்டுமாடு நடமாட்டம் இருக்கற எடத்துல ஓரம் இன்னும் பலமா இருக்கணும், பெரிய காளை ஒண்ணு ஒரு டன் கிட்ட வரும், ஓரக்கல் மேல கால் வச்சா சாயும். கேப்புல புல்லு மொளைக்கறத மாசம் ஒரு தடவ பிடுங்க ஆள் வேணும், இதையும் செலவுல சேருங்க.

## 6. உடைச்சுட்டு புதுசா

விரிசல்ல ஒசர வித்தியாசம் இருக்கு, பாதிக்கு மேல பொக்கு, தண்ணி வீட்டுப் பக்கமா ஓடுதுன்னா வேற வழி கிடையாது. சங்கடப்பட்டு தள்ளிப் போடாதீங்க, மேல மேல பூசின காசுதான் வீணாப் போகும்.

செலவு சிமெண்ட்ல இல்ல, இடிச்சத அப்புறப்படுத்தறதுலதான். நாலு இன்ச் தளம் 400 சதுரடின்னா ஒம்பது டன் இடிபாடு. நீலகிரில பொக்லைன் கொண்டு வர்றதுக்கு மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும், அதனால சின்ன பிரேக்கர் மெஷின், சம்மட்டி, கடப்பாரை, ஆள்பலம்தான். இடிச்சத ராத்திரியோட ராத்திரியா ஓடைல தள்ளிடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அடைச்ச ஓடை அடுத்த மழைல யார் வீட்டுப் பக்கமாவது திரும்பும். எங்க வீட்ல பாதி இடிபாட்ட கைப்பிடி அளவு கல்லா உடைச்சு தளத்துக்கு அடில சோலிங்கா, அதாவது கல் படுக்கையா போட்டுட்டோம், தூக்கிட்டுப் போற கூலியும் மிச்சம், புதுக் கல்லு ஏத்தற கூலியும் மிச்சம்.

உடைச்சதுக்கு அப்புறம் நேரா கான்கிரீட் போட்டா மறுபடியும் அதே விரிசல்தான். நிரப்பின பக்கம் இளகின மண்ண எடுத்துட்டு, ஆறு இன்ச் ஆறு இன்ச்சா மண் போட்டு, தண்ணி தெளிச்சு, திமிசுக்கட்டைல இடிச்சு இறுக்கி ஏத்தணும். இந்த வேலைக்கு நாங்க நாலு நாள் குடுத்தோம், மேஸ்திரி ரெண்டு நாள் போதும்னாரு, அம்மா கேக்கல. கலவை சிமெண்ட் ஒண்ணு, மணல் ஒன்றரை, ஜல்லி மூணு; நாலு இன்ச்சுக்கு 30 மூட்டை. மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணிதான் உச்சம்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லுது, ரெண்டு பக்கெட்டு கூட முழுசா இல்ல. மணல் ஈரமா இருந்தா இன்னும் கம்மி. கலவை ‘ஓட்டமா’ இருந்தா தள்ள சுலபம்னு தண்ணி விட்டுக்கிட்டே இருப்பாங்க, பக்கத்துல நின்னு பக்கெட்ட எண்ணுங்க.

அப்புறம் ஜாயிண்ட். 20 அடி வாசல ஒரே பலகையா போட்டா அது காயறப்ப சுருங்கி தன் இஷ்டத்துக்கு எங்கயாவது விடும். நாலு இன்ச் கனத்துக்கு எட்டுல இருந்து பத்தடிக்கு ஒரு கோடு, ஒரு இன்ச் ஆழம், போட்ட அன்னைக்கே அச்சு வச்சோ மறுநாள் கட்டர்லயோ போட்டுரணும். அதுல ஒரு கோட்ட சரியா கெட்டி மண்ணும் கொட்டின மண்ணும் சேர்ற எடத்து மேல வர்ற மாதிரி வைங்க. அங்க விடத்தான் போகுது, நம்ம போட்ட கோட்டுல விடட்டும், சீலண்ட் போட்டு அடைச்சுக்கலாம்.

தண்ணி கட்டறது பிபிசி (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்ட்டுக்கு குறைஞ்சது பத்து நாள். இங்க குளிருதே, தளம் ஈரமாத்தானே இருக்குன்னு மூணு நாள்ல விட்டுருவாங்க. மத்தியான வெயிலும் மலைக்காத்தும் மேல்தோல காய வச்சிரும், பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு போட்டோ பத்து நாள் முழுசா காப்பாத்துங்க. மொத ரெண்டு ராத்திரி காட்டுமாடு வராம தகரமோ கம்பியோ வச்சு மறைங்க, எங்க மேல் வீட்டு அண்ணா பின்பக்கத் தளத்துல நாலு குளம்பு இன்னமும் அப்படியே பதிஞ்சிருக்கு, மழை நின்னா அதுலதான் தண்ணி நிக்குது.

## ஒரே பார்வைல

| வழி | நிரப்பின மண்ணுக்கு | ஏறுற ஒசரம் | ஈரத்துல வழுக்கல் | வாசல் எத்தன நாள் முடங்கும் |
|---|---|---|---|---|
| ஒட்டு | பரவால்ல, சீலண்ட் போட்டா | இல்ல | பழைய தளம் எப்படியோ அப்படி | 2 நாள் |
| மெல்லிசு பூச்சு | வேண்டாம் | அரை இன்ச் | விளக்குமாறு இழுத்தா நல்லது | ஒரு வாரம் |
| மேல 3 இன்ச் | கண்டிப்பா வேண்டாம் | 3 இன்ச் | நல்லது | ரெண்டு வாரம் |
| டைல்ஸ் | வேண்டாம் | 1 முதல் 2 இன்ச் | நிழல்ல மோசம் | ஒரு வாரம் |
| பேவர் | சுவர்ல தண்ணி வடிஞ்சா மட்டும் | பழசு மேலன்னா 4 இன்ச் கிட்ட | பாசி பிடிக்காத வரை நல்லது | ஒரு வாரம் |
| உடைச்சுப் புதுசு | மண்ண இறுக்கினா | நம்ம கைல | நல்லது | மூணு வாரம் |

எபாக்சி, கலர் பெயிண்ட் எல்லாம் இதுல சேக்கவே இல்ல. வெயில்ல எபாக்சி மஞ்சளாகும், கீழ இருந்து ஈரம் ஏறினா கொப்புளம் விடும், ஈரத்துல கண்ணாடி மாதிரி வழுக்கும். கெட்டியான தளத்து மேல தண்ணி இறங்காம இருக்க ஏதாச்சும் அடிக்கணும்னா சைலேன் வகை சீலர் கேளுங்க, அது உள்ள இறங்கி நிக்கும், மேல படலம் கட்டாது, தளம் மூச்சு விடும்.

ஒண்ணையே வாசல் முழுக்கப் பண்ணணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. எங்க வீட்ல கடைசியா பண்ணது கலப்புதான்: பள்ளத்துப் பக்கம் அஞ்சடிப் பட்டைய உடைச்சு புதுசு, மேட்டுப் பக்கம் லேடெக்ஸ் பூச்சு, நடுவுல சீலண்ட் ஜாயிண்ட். முழுசா உடைச்சிருந்தா ஆகியிருக்கற செலவுல பாதிக்குக் கீழதான் வந்துச்சு.

## எந்த மாசம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழைதான் அடிச்சு ஊத்தும், அதனால பிப்ரவரி நடுவுல இருந்து மார்ச் கடைசி வரைக்கும் நல்ல நேரம். கூடலூர், பந்தலூர்காரங்க ஜூன் தென்மேற்குக்கு முன்னாடி ஏப்ரலுக்குள்ள முடிச்சுக்கோங்க. ஊட்டில உறைபனி ராத்திரிகள்ல புதுக் கான்கிரீட் போடவே வேண்டாம், குளிர் அஞ்சு டிகிரிக்குக் கீழ போனா சிமெண்ட் இறுகறது ரொம்ப மெதுவாயிரும். கொடைக்கானல் பக்கமும் இதே கணக்குதான், ஜனவரி குளிர் தாண்டட்டும். மே மாசம் சீசன் கூட்டத்துல லாரி மலை ஏறி வர்றதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிரும்.

## நீச்சல் குளத்து ஓரம்னா

ஹோம்ஸ்டே ஃப்ரெண்டு வீட்ல சின்னதா நீச்சல் குளம் இருக்கு, சுத்தி கான்கிரீட் தளம், அதான் அவனுக்குப் பிரச்சினை. மேல சொன்னதெல்லாம் அங்கயும் பொருந்தும், கூட ரெண்டு விஷயம். தளத்தோட வாட்டம் குளத்த விட்டு வெளிய போகணும், இல்லாட்டி மழைல மண்ணும் சருகும் குளத்துக்குள்ள. குளத்துச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய சிமெண்ட் வச்சு அடைக்கவே கூடாது. குளம் ஒரு பக்கம், தளம் ஒரு பக்கம், ரெண்டும் தனித்தனியா அசையும். சிமெண்ட் வச்சு இறுக்கினா தளம் தள்ளறப்ப ஓரத்து டைல்ஸ் பேந்து வரும், அவன் வீட்ல நடந்தது அதுதான். அந்த சிமெண்ட்ட வெட்டி எடுத்துட்டு ஃபோம் கயிறும் சீலண்ட்டும் போடச் சொல்லியிருக்கேன், தளத்த அப்புறம் பாத்துக்கலாம். வெறுங்கால்ல நடக்கற எடம்ங்கறதால விளக்குமாறு இழுப்பு கொஞ்சம் மெல்லிசா இருக்கணும், ரொம்ப சொரசொரப்பா இருந்தா குழந்தைங்க முட்டி தேயும்.

மேல் வீட்டு அண்ணா தட்டிப் பாத்துட்டாரு, பாதிக்கு மேல பொக்கு, பிப்ரவரில உடைக்கறாரு. சின்னம்மா வாசல்ல ரெண்டு விரிசல் மட்டும்தான்னு நினைக்கறேன், ஆனா போட்டோ பாத்து சொல்ல மாட்டேன்னுட்டேன். ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வர்றாரு, சனிக்கிழமையே சுத்தியலும் சாக்பீஸும் எடுத்துட்டு அரவேணு போறேன்.